கேட்டில் காலையிலேயே ஐந்து மணி

2023 செப்டம்பர் 14, வியாழக்கிழமை. காலை 5.40-க்கு எழுந்தேன். மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றினேன். இருபத்திரண்டு நிமிடத்தில் நிரம்பியது. நான்கு இட்லி, முந்தின நாள் மீன்குழம்பு. 8.35-க்கு வண்டியை எடுத்தேன். உப்பு லாரிகளுக்குப் பின்னாலேயே போக வேண்டியிருந்ததால் வழக்கத்தைவிட ஆறு நிமிடம் கூடுதல். 8.58-க்கு அலுவலகம். மேசையைத் துடைத்தேன், ஜன்னல் ஓரத்து மேசை, ஒரு நாள் விட்டால் கரித்தூள் படிந்துவிடும். நேற்றைய பட்டியலில் முடிந்தவற்றை அடித்தேன். 9.15-க்கு யார்டு மென்பொருளின் புதிய பதிப்பு லைவுக்குப் போனது.

இது என் நாட்குறிப்பில் உள்ளபடியே இருக்கிறது. இதற்கு அடுத்த மூன்று பக்கங்களில் கையெழுத்து கோணல்மாணலாக ஓடுகிறது. அந்த மூன்று பக்கங்களைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

நான் வேலையை விட்டு ஓய்வுக்கு வந்த பிறகு, புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று இசக்கிமுத்து கேட்டான். அவன் இப்போது உங்கள் டீம் லீடர். அன்று எனக்கு அடுத்த மேசைக்காரன். ஏரல் பக்கத்து ஊர். வீட்டில் நெல் விவசாயம். ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதில் வரும் வரை நகர மாட்டான். எதை எழுதட்டும் என்று கேட்டதற்கு, “நீங்க செஞ்ச நல்ல வேலைய பத்தி எழுதாதீங்கக்கா, அத யாரும் படிக்க மாட்டாவ” என்றான். எனவே இது.

நாங்கள் மென்பொருள் எழுதிக் கொடுத்தது துறைமுகத்துக்குப் போகும் சாலையில் உள்ள ஒரு கன்டெய்னர் யார்டுக்கு. ஏற்றுமதிக்குப் போகும் பெட்டிகள் லாரியில் வரும். கேட்டில் எண்ணும் சீலும் பார்த்து உள்ளே விடுவார்கள். ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு கடைசி நேரம் உண்டு. அதற்குப் பிறகு வரும் பெட்டி அந்தக் கப்பலில் ஏறாது. கடைசி நேரம் தாண்டிவிட்டதா என்று பார்த்து, தாண்டியிருந்தால் மறுத்து ஒரு சீட்டு அச்சடிப்பது எங்கள் மென்பொருளின் வேலை.

அந்த மென்பொருள் பதினோரு பேக்கேஜாகப் பிரிந்திருந்தது. கேட்டுக்கு ஒன்று, கப்பல் விவரத்துக்கு ஒன்று, குளிர்பெட்டிகளுக்கு ஒன்று என்று. ஒரு பேக்கேஜில் ஒரு வேலைக்கென எழுதிய ஃபங்ஷனை இன்னொன்றில் எடுத்தாள வேண்டுமானால், கோப்பின் தலையில் இன்னது இன்ன இடத்திலிருந்து வருகிறது என்று ஒரு இம்போர்ட் வரி வேண்டும். அந்த வரியை நீங்கள் யாரும் கையால் எழுதுவதில்லை, நானும் எழுதவில்லை. பெயரில் மூன்று எழுத்து தட்டினால், நிரல் எழுதும் எடிட்டர் ஒரு பட்டியலைக் காட்டும். டாப் விசையை அழுத்தினால் பெயரும் நிரம்பிவிடும், இம்போர்ட் வரியும் தானாக மேலே போய் உட்கார்ந்துகொள்ளும். நீங்கள் நாற்பதாவது வரியில் இருப்பீர்கள். அது நான்காவது வரியில் நடந்து முடிந்திருக்கும்.

புதன்கிழமை மாலை நான் செய்தது ஒழுங்குபடுத்தும் வேலை. கடைசி நேரச் சோதனை கப்பல் பேக்கேஜில் இருந்தது. அது கேட்டுக்கு உரியது, கேட் பேக்கேஜில்தான் இருக்க வேண்டும் என்று ஆறு மாதமாக எனக்கு உறுத்தல். யாரும் கேட்கவில்லை. எந்தப் பிழையும் இல்லை. ஆனாலும் நகர்த்தினேன். நகர்த்தியதும், இப்போது மணி என்ன என்று சொல்லும் ஃபங்ஷன் தேவைப்பட்டது. மூன்று எழுத்து தட்டினேன். பட்டியலில் ஒரே ஒரு பெயர் வந்தது. டாப் அழுத்தினேன். மாற்றத்தைச் சரிபார்க்கும் டெஸ்டுகள் எல்லாம் பச்சை. 6.05-க்கு வீட்டுக்குப் புறப்பட்டேன். அன்றைய குறிப்பின் கடைசிச் சொல் ‘நிறைவு’.

வியாழக்கிழமை காலை 10.22-க்கு கேட்டிலிருந்து ஜெசிந்தா போன் செய்தாள். அந்த கேட்டின் கண்ணாடிக் கூண்டில் பதினாறு வருடமாக உட்கார்ந்திருப்பவள். என் வயதுதான்.

“மேடம், ஒரு குளிர்பெட்டி வந்து நிக்கி. கப்பலுக்குக் கடைசி நேரம் பன்னெண்டரை. இப்ப மணி பத்தரகூட ஆவல. நேரம் முடிஞ்சிருச்சி, உள்ள விடாதன்னு சீட்டு அடிக்கி.”

“காலையில் இருந்தே இப்படியா?”

“இல்ல. விடியக்காலம் வந்ததெல்லாம் நாளைக் கப்பலுக்குள்ளது. அதெல்லாம் போயிட்டு. இன்னைக்கிக் கப்பல் பெட்டி இதுதான் மொதல்ல.”

நான் சொன்னது: கம்ப்யூட்டரின் கடிகாரத்தைப் பாருங்கள், அணைத்துப் போடுங்கள். அவள் கடிகாரம் சரியாகத்தான் இருக்கிறது என்றாள். இருந்தாலும் அணைத்துப் போடுங்கள் என்றேன். பதினோரு நிமிடம் போனது. நம்மிடம் போன் செய்பவர் சொல்வதைக் கேட்காமல், அவருடைய இயந்திரத்தைச் சந்தேகிப்பது நம் தொழிலில் மிகப் பழைய வழக்கம். நானும் வழக்கம் தவறவில்லை.

10.35-க்கு அதே பெட்டிக்கு மறுபடி சீட்டு அடித்தாள். மறுபடி மறுப்பு. இந்த முறை சீட்டைப் படித்துக் காட்டினாள். “சோதித்த நேரம், பதினேழு மணி. அதாவது சாயங்காலம் அஞ்சு. எங்களுக்கு டூட்டி முடிஞ்சிட்டாமே மேடம், போகவா?”

பின்னாலிருந்து இன்னொரு பெண்குரல் கேட்டது. “ஏளா ஜெசிந்தா, சிரிச்சது போதும். டீசல் போயிட்டு இருக்கு. கேளு அவியகிட்ட.”

அவள் பெயர் செலின். அவளும் தங்கையும் திரேஸ்புரத்தில் நண்டு வாங்கி அவித்துச் சதை எடுக்கும் கொட்டகை வைத்திருந்தார்கள். அதுவரை வேறொருவர் பெயரில் போன சரக்கு, அன்றுதான் முதல்முறையாக அவர்கள் பெயரில் ஒரு பெட்டியாகப் போகிறது. அந்தக் கப்பலில் ஏறினால் சரக்கை எடுப்பேன், அடுத்ததில் என்றால் வேண்டாம் என்று வாங்குபவர் சொல்லியிருந்தார். அதனால் டிரைவருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து அவளே கூட வந்துவிட்டாள். பெட்டியைக் குளிர்விக்கும் ஜெனரேட்டருக்கு ஒரு மணி வரைதான் டீசல். இதெல்லாம் ஜெசிந்தா போனில் ஒரே மூச்சில் சொன்னது.

சர்வரின் நேர மண்டலம் தவறாக இருக்கலாம் என்று எனக்குப் பட்டது. நம் நேரத்துக்கும் உலகப் பொது நேரத்துக்கும் ஐந்தரை மணி நேரம் வித்தியாசம். அதை இரண்டு முறை கூட்டியிருப்போமோ? அமைப்புகளைத் திறந்து தேடினேன். ஒன்பது நிமிடம்.

இசக்கி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தான். “அக்கா, மொத சீட்டுல என்ன நேரம் போட்டிருந்துன்னு கேளுங்க.”

கேட்டேன். அதிலும் பதினேழு மணி.

“பதிமூணு நிமிஷம் கழிச்சி அடிச்ச சீட்டுலயும் அதே பதினேழு. தப்பா ஓடுத கடிகாரம்னாலும் ஓடணும்லா? இது நிக்கி.”

போனை ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் ஜெசிந்தாவுக்கும் கேட்டிருக்கிறது. “ஓடாத அஞ்சு மணியா?” என்றாள். “மேடம், மூணு வருஷம் முன்னால எங்களுக்கு டிரெயினிங் குடுத்தீகள்லா, அதுலயும் நாள் பூரா அஞ்சு மணிதான். நீங்கதான சொன்னீக, லேட்டா வந்த பெட்டிய எப்பிடித் திருப்பி அனுப்பணும்னு படிக்கதுக்காக அஞ்சுலயே நிறுத்தி வச்சிருக்கேன்னு. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாலயே வீட்டுக்குக் கெளம்பிறலாமான்னு நாங்க சிரிச்சோமே.”

அந்தப் பயிற்சிப் பேக்கேஜை எழுதியவள் நான். தேதி அன்றைய தேதியாகவே இருக்கும், மணி மட்டும் எப்போதும் ஐந்து. உண்மையான ஃபங்ஷனைப் போலவே இருக்கட்டும் என்று அதில் மணி சொல்லும் ஃபங்ஷனுக்கும் அதே பெயரைத்தான் வைத்திருந்தேன். கேட்டின் டெஸ்டுகள் அந்த நிற்கும் கடிகாரத்தை வைத்தே எழுதப்பட்டவை. அதனால்தான் எல்லாம் பச்சை. கோப்பின் நான்காவது வரிக்குப் போனேன். இம்போர்ட், பயிற்சிப் பேக்கேஜிலிருந்து. 10.49.

இதற்கு அடுத்து நான் செய்ததைத்தான் நீங்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். முதல் தவறு யாருக்கும் வரக்கூடியது. இரண்டாவது தவறு, நம் தொழிலில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் வரும்.

நான்காவது வரியை அழித்தேன். நாற்பதாவது வரிக்கு இறங்கினேன். பழைய பெயரை அழித்தேன். மூன்று எழுத்து தட்டினேன். பட்டியல் வந்தது, ஒரே பெயர். டாப். அனுப்பு. டெஸ்ட் ஓடி லைவுக்குப் போகப் பதினான்கு நிமிடம். அதற்குள் ஒரு காபிகூடச் சொல்லிவிட்டேன்.

11.08. “மேடம்.”

“சரியாயிட்டா?”

“இன்னும் அஞ்சு மணிதான்.”

கூண்டுக்கு வெளியே டிரைவர்கள் சிரிப்பது கேட்டது. அதற்குள் ஏழெட்டு லாரி சேர்ந்துவிட்டிருந்தது. யாரோ, “யக்கா, சாயங்கால வடை போட்டாச்சான்னு கேளுங்க” என்றார். செலினின் குரல் மட்டும் சிரிக்கவில்லை. “மேடம், நான் பேசுதேன். எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. பன்னெண்டரைக்குள்ள உண்டா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க. இல்லன்னா இப்பவே ஐஸ் ஆலைக்குத் திரும்பணும். பெட்டியில கிடக்கது எங்க சரக்கு மட்டும் இல்ல. பதினெட்டுப் பொம்பளைங்க பதினோரு நாளு உக்காந்து எடுத்த சதை.”

உண்டு என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. ஒரு முறை சரி செய்துவிட்டேன் என்று நம்பி ஏமாந்து இரண்டு நிமிடம்தான் ஆகியிருந்தது. “பத்து நிமிடத்தில் சொல்கிறேன். அதுவரை திரும்பாதீர்கள்” என்றேன். அது எனக்குத் தெரிந்த அளவுக்கு உண்மை.

11.12-க்கு யார்டு மேனேஜர் அண்ணாச்சி போனில் வந்தார். குரல் உயர்த்த மாட்டார், அதுதான் பயம். “மேடம், கேட்ட மறிச்சி எட்டு லாரி நிக்கி. அந்தக் கடைசி நேரம் பாக்கத நிப்பாட்டி விடுங்க. ஒரு பட்டனத் தட்டுனா போதும்னு இசக்கி ஒரு தடவ சொன்னான். வாரத எல்லாம் உள்ள விடுதோம், பெறவு பாத்துக்கிடலாம்.”

உண்மைதான். ஒரு பட்டன். ஒரு நிமிடம். செலின் உடனே உள்ளே போய்விடுவாள். பழைய பதிப்புக்குத் திரும்புவது என்றால், அன்று காலை உள்ளே வந்த பெட்டிகளை எங்கே வைத்தார்கள் என்ற குறிப்பு போய்விடும். அதை நான் ஏற்கெனவே வேண்டாம் என்று ஒதுக்கியிருந்தேன். எனவே பட்டன் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது.

நான் எட்டு பெட்டி எண்களையும் ஜெசிந்தாவிடம் கேட்டு ஒரு தாளில் எழுதினேன். ஒவ்வொன்றுக்கும் எதிரே கப்பல், அதன் கடைசி நேரம். ஏழு பெட்டி அன்றைய பன்னிரண்டரைக் கப்பலுக்கு. எட்டாவது வேறொரு கப்பலுக்கு; அதன் கடைசி நேரம் காலை எட்டு. அதை மட்டும் இயந்திரம் சரியாகவே மறுத்திருக்கிறது.

“அண்ணாச்சி, பட்டனைத் தட்டினால் அந்த எட்டாவதும் உள்ளே வந்துவிடும். இனி ஏற முடியாத கப்பலுக்கான பெட்டி யார்டில் எங்கே நிற்கும்?”

அவர் பக்கத்திலிருந்து ஜெசிந்தா சொன்னது கேட்டது. “அந்த ஆளு மிஷின் மணிக்கும் லேட்டு, நம்ம மணிக்கும் லேட்டு.”

“அப்ப என்ன செய்யச் சொல்லுதீக?” என்றார் அண்ணாச்சி.

“கைப்பதிவுப் புத்தகம் இருக்கிறதல்லவா, அதில் இந்த ஏழு பெட்டியை மட்டும் எழுதி உள்ளே விடுங்கள்.”

“சும்மா எழுத முடியாது. மென்பொருள்ல கோளாறுன்னு நீங்க மெயில் போடணும். அது ஃபைலுக்குப் போவும்.” பிறகு குரலைத் தணித்தார். “நெட்வொர்க் கோளாறுன்னு போட்டிருங்க. ஒங்களுக்கும் நல்லது, எனக்கும் கேள்வி இல்ல.”

நல்ல மனிதர். எனக்கு உதவத்தான் சொன்னார். ஆனால் நெட்வொர்க் கோளாறு என்றால் எட்டு பெட்டிக்கும் அதே காரணம்தான். ஏழு பெட்டியை மட்டும் பிரித்து விட அவருக்கு ஆதாரம் இருக்காது. நான் எழுதியது இது: “நேற்று மாலை நான் செய்த மாற்றத்தால், கேட் மென்பொருள் எல்லா நேரத்தையும் மாலை 5.00 என்று எடுத்துக்கொள்கிறது. தவறு எங்களுடையது. கீழ்க்காணும் ஏழு பெட்டிகள் தவறாக மறுக்கப்பட்டவை. இந்தப் பட்டியலில் இல்லாத பெட்டிக்கு இந்தக் கடிதம் பொருந்தாது.” ஏழு எண்களையும் இசக்கி படிக்க நான் தட்டினேன், பிறகு நான் படிக்க அவன் சரிபார்த்தான். 11.24-க்கு அனுப்பினேன். 11.31-க்கு ஜெசிந்தா புத்தகத்தைத் திறந்தாள். செலினிடம் நானே சொன்னேன்: கையால் பதியத் தொடங்கிவிட்டார்கள், நில்லுங்கள்.

சிக்கல் முடியவில்லை. முதலில் மறுக்கப்பட்டவள் என்பதால் செலினின் லாரியை ஓரமாக ஒதுக்கி நிறுத்தியிருந்தார்கள். மற்ற ஆறும் அதற்கு முன்னால் அடைத்து நின்றன. வரிசையில் அவள் இப்போது ஏழாவது. கையால் பதிய ஒரு பெட்டிக்கு ஒன்பது நிமிடம். ஏழுக்கு அறுபத்து மூன்று. 12.34. நான்கு நிமிடம் தாமதம். இந்தக் கணக்கை நான் போடும் முன்னே செலின் போட்டுவிட்டாள். “மேடம், கையால எழுதினா நான் வெளிய நிப்பேன். நீங்க அத சரி பண்ணணும்.”

இசக்கியும் நானும் ஒரே திரைக்கு முன்னால் உட்கார்ந்தோம். அழித்த வரி மறுபடி அங்கேயே இருந்தது. நான்காவது வரி, பயிற்சிப் பேக்கேஜ். நான் இரண்டாம் முறை டாப் தட்டியபோது, கண்ணுக்குத் தெரியாத மேல் பக்கத்தில் எடிட்டர் அதை அழகாகத் திரும்ப எழுதி வைத்துவிட்டது. அதன்மேல் தவறில்லை. கேட்டதைக் கொடுத்தது.

“ஏன் இது ஒண்ணையே காட்டுது? நெசக் கடிகாரம் எங்க?” என்றேன்.

“போன வாரம் தனிப் பேக்கேஜா பிரிச்சேன்லாக்கா. நீங்க லீவுல இருந்தப்ப. மெயில் போட்டேனே.”

மெயில் போட்டிருந்தான். நானும் படித்ததாக டிக் போட்டிருந்தேன். என் ஒழுங்கின் அழகு அது.

ஒவ்வொரு பேக்கேஜிலும், தான் யார் யாரை நம்பியிருக்கிறது என்று சொல்லும் ஒரு பட்டியல் கோப்பு இருக்கும். எடிட்டர் அந்தப் பட்டியலில் உள்ள இடங்களில் மட்டும்தான் தேடும். கேட் பேக்கேஜுக்கு, டெஸ்டுகளைத் தவிர, முன்பு மணி தேவைப்பட்டதே இல்லை, எனவே அதன் பட்டியலில் புதிய நேரப் பேக்கேஜ் இல்லை. டெஸ்டுக்காகப் பயிற்சிப் பேக்கேஜ் இருந்தது. ஒரே பெயர் வந்ததும், உலகத்திலேயே அது ஒன்றுதான் இருக்கிறது என்று நான் எடுத்துக்கொண்டேன். எடிட்டர் சொன்னது அதுவல்ல. நீ எனக்குக் காட்டிய வீடுகளில் இந்தப் பெயருடையவர் ஒருவர்தான் என்றுதான் சொன்னது. மற்ற வீடுகளைப் பற்றி அது வாயே திறக்கவில்லை.

நான்காவது வரியைக் கையால் எழுதினேன், எழுத்தெழுத்தாக. உடனே சிவப்புக் கோடு விழுந்தது.

“அக்கா, செவப்பு அடிக்கி. தப்பு போல.”

“தப்பில்லை. அதற்குத் தெரியவில்லை.” பட்டியல் கோப்பில் நேரப் பேக்கேஜைச் சேர்த்தேன். சிவப்பு போனது.

இசக்கியின் விரல் அனுப்பும் விசைக்குப் போனது. நான் அதைப் பிடித்துக்கொண்டேன். “முதல் பத்து வரியையும் சத்தமாகப் படி.”

“அக்கா, நேரம்...”

“படி.”

படித்தான், வகுப்பில் எழுந்து நின்று படிப்பதைப் போல. பிறகு நான் அதே பத்து வரியைப் படித்தேன். இருவரும் ஒரு முறை அங்கிருந்தே ஃபங்ஷனை ஓட்டிப் பார்த்தோம். 11.46 என்றது. சுவர்க் கடிகாரமும் 11.46. அதற்குள் மூன்று நிமிடம் செலவு. இன்னொரு முறை தவறாக அனுப்பியிருந்தால் பதினான்கு நிமிடம் போயிருக்கும், செலினும் போயிருப்பாள். அவசரத்தில் மூன்று நிமிடத்தைச் செலவழிக்க மனம் வராதுதான். ஆனாலும் செலவழியுங்கள்.

11.47-க்கு அனுப்பினோம். 12.01-க்கு லைவ். ஜெசிந்தா அப்போது நான்காவது பெட்டியைக் கையால் பதிந்துகொண்டிருந்தாள். பாதியில் விடமாட்டேன் என்றாள். அவள் வேலை அப்படி. 12.07-க்கு அதை முடித்து ஐந்தாவதை இயந்திரத்தில் போட்டாள். நாங்கள் இருவரும் போனைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம், அதில் படம் தெரியப்போவதைப் போல.

அச்சடிக்கும் சத்தம் கேட்டது.

“சீட்டு வந்துட்டு. சோதித்த நேரம்...” நிறுத்தினாள். வேண்டுமென்றேதான் நிறுத்தினாள். “பன்னெண்டு எட்டு.”

ஐந்தாவது 12.11-க்கு உள்ளே போனது. ஆறாவது 12.14. கடைசியாக ஒதுங்கியிருந்த லாரி அசைந்து வர, டிரைவர்கள் விசில் அடித்தார்கள். செலினின் பெட்டி 12.17-க்கு கேட்டைத் தாண்டியது. பதிமூன்று நிமிடம் மிச்சம். எட்டாவது லாரிக்காரர், தன்னையும் அந்தக் கடிதத்தில் சேர்த்திருக்கலாமே என்று ஜெசிந்தாவிடம் கால் மணி நேரம் வாதாடிவிட்டுத் திரும்பிப் போனாராம்.

பிற்பகல் எங்கள் முதலாளி மெயிலின் நகலைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். “தவறு எங்களுடையதுன்னு எழுதிட்டீங்களேம்மா. கொஞ்சம் நாசூக்கா போட்டிருக்கலாமே” என்றார். நாசூக்காகப் போட்டிருந்தால் ஏழுக்கும் எட்டுக்கும் வித்தியாசம் சொல்லியிருக்க முடியாது என்றேன். தாளில் எழுதியிருந்த எட்டு எண்களையும் காட்டினேன். அவர் இரண்டு முறை படித்தார். “அடுத்த தடவ எழுதுறதுக்கு முன்னால எனக்கு ஒரு போன்” என்றார். அது நியாயம்; நான் செய்திருக்க வேண்டும். அந்தப் பன்னிரண்டு நிமிடத்தில் எனக்குத் தோன்றவே இல்லை என்பதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

மாலைக்குள் இசக்கியும் நானும் பதினோரு பட்டியல் கோப்புகளையும் திறந்து, ஒவ்வொரு பேக்கேஜும் உண்மையில் யாரைப் பயன்படுத்துகிறது என்று ஒப்பிட்டோம். நான்கில் விடுபட்டிருந்தது. இரண்டில் தேவையில்லாதவை இருந்தன. பயிற்சிப் பேக்கேஜை டெஸ்டுக் கோப்புகளைத் தவிர வேறு யாரும் இம்போர்ட் செய்தால் புதிய பதிப்பைக் கட்டும் பில்டே நின்றுவிடும்படி ஒரு விதி எழுதினோம். அந்த விதி இன்றும் இருக்கிறது. உங்களில் சிலர் அதைத் திட்டியிருப்பீர்கள். திட்டுங்கள், எடுத்துவிடாதீர்கள்.

எடிட்டரின் பரிந்துரையைப் பயன்படுத்தாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. நான் ஓய்வு பெற்ற நாள் வரை டாப் தட்டிக்கொண்டுதான் இருந்தேன். தட்டிய கையோடு மேலே போய் அந்த வரியைப் பார்த்தேன், அவ்வளவுதான். பட்டியலில் ஐந்து பெயர் வந்தால் நாம் எல்லோரும் கவனமாகத்தான் தேர்ந்தெடுப்போம். ஒரே பெயர் வரும்போதுதான் கண்ணை மூடிக்கொள்கிறோம்.

இரவு 7.50-க்கு ஜெசிந்தா போன் செய்தாள். கப்பல் புறப்பட்டுவிட்டது, ஏழு பெட்டியும் ஏறிவிட்டன என்று துறைமுக முனையத்திலிருந்து தகவல் வந்ததாம். செலின் எனக்குச் சொல்லச் சொன்னதாக ஒரு வாக்கியமும் சொன்னாள்: “அந்த மேடத்துக்கு ஒரு கைக்கடிகாரம் வாங்கிக் குடுக்கணும்ளா.” நான் சிரித்தேன். பிறகு ஜெசிந்தா சொன்னாள், கையால் பதிந்த நான்கு பெட்டிகளும் கணினியில் இல்லை, கணினியைப் பொறுத்தவரை அவை யார்டுக்கு வரவே இல்லை, கப்பலில் எப்படி ஏறின என்று நாளை யாராவது கேட்பார்கள் என்று. காலையில் வருகிறேன் என்றேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. அலுவலகத்துக்குப் போகாமல் நேராக யார்டுக்குப் போனேன். 7.30-க்கு ஜெசிந்தாவின் கூண்டில் இன்னொரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். அவள் புத்தகத்தைத் திறந்து முதல் பெட்டியின் எண்ணைப் படித்தாள், தட்டினேன். சீல் எண், தட்டினேன். லாரி எண். அடுத்தது உள்ளே வந்த நேரம். அந்தக் கட்டத்துக்குப் போனதுமே கணினி தானாக 7.38 என்று நிரப்பிக் காட்டியது. அதை அழித்தேன். புத்தகத்தில் அவள் எழுதியிருந்தபடி முந்தின நாளின் தேதியையும் 11.40 என்ற நேரத்தையும் தட்டினேன்.